பழைய வண்டி, பழைய நம்பர்: ஆர்.சி. செக்‌ஷன் அம்மா பதில்கள்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் நம்பரை மட்டும் விட்டுவிடாதீர்கள்." அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 33 வருடம் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் பதிவுச் சான்று (ஆர்.சி.) பிரிவில்தான். வீட்டிலும் ஒரு 1964 புல்லட் இருந்தது. அதன் பின் ஸீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போனவள் நான். அதனால் இந்த மாதம் முழுக்க இதே பேச்சுதான். லைசென்ஸ் சந்தேகம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். என் தாத்தாவின் 1962 புல்லட் மாட்டுக் கொட்டகையில் 19 வருடமாக நின்றது. இப்போது ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். எம்.டி.யில் தொடங்கும் மூன்றெழுத்து நம்பர். ஆர்.சி. புக் தாத்தா பெயரில் இருக்கிறது. அவர் காலமாகி 11 வருடம். "50 வருடம் தாண்டிய வண்டி, இனி வி.ஏ. நம்பர்தான். 20,000 ரூபாய் ஆகும். பழைய நம்பர் போய்விடும்" என்கிறார் ஒரு புரோக்கர். எங்களுக்குத் தாத்தா நம்பரே வேண்டும், அந்தக் கறுப்பு நம்பர் பிளேட்டும் வேண்டும். வழி இருக்கிறதா?
— புல்லட் தாத்தா பேரன், ஈரோடு

பதில்: தம்பி, அவர் சொன்ன தொகை நிஜம், வி.ஏ. என்ற எழுத்தும் நிஜம். இரண்டையும் சேர்த்து உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் 'விண்டேஜ்' வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு சேர்த்தது. முதல் பதிவு தேதியிலிருந்து 50 வருடம் தாண்டிய இரு சக்கர வண்டிகளும், வாடகைக்கு ஓட்டாத கார்களும் அதில் வரும். சேசிஸ் (வண்டியின் அடிச் சட்டகம்), பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்யாமல், பிறந்த கோலத்தில் இருக்க வேண்டும். புதிதாக நம்பர் வாங்கும் வண்டிக்கு மாநில எழுத்து, அடுத்து வி.ஏ., அடுத்து இரண்டெழுத்து, பிறகு நான்கு இலக்கம் என்று கொடுப்பார்கள். கட்டணம் 20,000 ரூபாய். 10 வருடம் செல்லும். அதற்குப் பிறகு மறுபதிவுக்கு 5,000.

இதே விதியில் புரோக்கர்கள் படித்துக் காட்டாத வரி ஒன்று உண்டு. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆக, விண்டேஜ் பிரிவுக்கே போனாலும் தாத்தா நம்பர் போக வேண்டியதில்லை.

ஆனால் அங்கே ஏன் போக வேண்டும் என்பதுதான் என் கேள்வி. விண்டேஜ் பதிவு வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு வேலை, இவற்றுக்குப் போய்வர மட்டும்தான் அனுமதி. பெட்ரோல் போடப் போகலாம். போகிற வழியில் மட்டன் கடையில் நிறுத்தினால், அது எந்தக் கணக்கில் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி அறையில் நிறுத்தி வைக்கிற ஆட்களுக்கும், எந்தப் பதிவும் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வரும் பழைய வண்டிக்கும் அது சரி. தாத்தா வண்டியில் பையனைப் பள்ளிக்கூடத்தில் விட ஆசைப்படுகிறவருக்கு அது தேவையில்லை.

உங்களுக்கு உள்ள வழி சாதாரண வழி. சொந்த உபயோக வண்டியின் ஆர்.சி. முதலில் 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். வண்டி தகுதியாக இருக்கும்வரை இத்தனை முறைதான் என்ற கணக்கு கிடையாது. புதுப்பித்தால் நம்பர் மாறாது.

முதலில் பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்த பிறகு வாரிசு பெயருக்கு மாற்றுவது படிவம் 31. இறந்த 30 நாளில் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். 11 வருடத் தாமதத்துக்கு அபராதம் கட்டச் சொல்வார்கள், முகம் சுளிக்காமல் கட்டுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், எல்லாம் வேண்டும். அத்தைமார்களிடம் கையெழுத்து வாங்குவதுதான் இதில் கஷ்டமான கட்டம் என்பது என் அனுபவம். பெட்ரோல் டேங்கைக்கூடத் திரும்பிப் பார்க்காத அத்தை, கையெழுத்து என்றதும் "அப்பா என்னை அந்த வண்டியிலதான் மாரியம்மன் பண்டிகைக்குக் கூட்டிட்டுப் போவார்" என்று ஆரம்பிப்பார். உட்கார்ந்து கேளுங்கள், காபி குடியுங்கள், அப்புறம் பேனாவை நீட்டுங்கள்.

அடுத்து, உங்கள் நம்பர் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'வாகன்' மென்பொருளில் நம்பரைப் போட்டால் ஒன்றும் வராமல் போகலாம். அதற்காக வண்டி செத்துவிட்டது என்று பொருள் இல்லை. எங்கள் காலத்தில் எல்லாம் பி ரிஜிஸ்டரில்தான். ஒரு வண்டிக்கு ஒரு பக்கம். சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், உரிமையாளர், பெயர் மாற்றம், வரி, எல்லாம் பேனாவில். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எம்.எஸ்., எம்.டி. வரிசைப் புத்தகங்கள் பீரோவின் அடித்தட்டில் இருந்தன. 1969-ல் மாநிலத்தின் பெயர் மாறிய பிறகு வந்த டி.என்., டி.எம். வரிசைகள் மேல்தட்டில். ஒரு மழைக்காலத்தில் அடித்தட்டைக் கறையான் தின்றுவிட்டது. எந்த ஊர் அலுவலகம் என்று கேட்காதீர்கள். மிச்சமிருந்த பக்கங்களை நானும் இன்னொரு எழுத்தரும் மூன்று மாதம் புதுப் புத்தகத்தில் பிரதி எடுத்தோம். அரைப் பக்கம் போன வண்டிகளுக்கு உரிமையாளர் கையில் இருந்த ஆர்.சி. புக்தான் ஆதாரம். அதனால்தான் உங்கள் கையில் இருக்கும் அந்த மங்கிய புத்தகத்தை லேமினேஷன் செய்யாதீர்கள், நனைய விடாதீர்கள், யாரிடமும் அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள் என்கிறேன். 'பேக்லாக் என்ட்ரி' என்று எழுதிக் கொடுத்தால் அதையும் பி ரிஜிஸ்டரையும் ஒத்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள்.

அது முடிந்ததும் புதுப்பிக்கும் விண்ணப்பம், படிவம் 25. இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி எல்லாம் கட்டிவிட்டு, வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும். 20 வருடம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்டில் 2,000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். தாமதத்துக்குத் தனியாக வரும்.  ஹாரன், ஹெட்லைட், பிரேக் லைட் வேலை செய்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். சேசிஸ் நம்பர் ஹேண்டில்பார் கழுத்தில் இருக்கும். கிரீஸைத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுக்கிற மாதிரி சுத்தமாக வையுங்கள். அதன் மேல் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கிவிட்டு வந்து நிற்கிறவர்கள்தான் திரும்பத் திரும்ப அலைவார்கள்.

இனி கறுப்பு பிளேட். இதில் உங்களை ஏமாற்றம் அடையச் செய்ய வேண்டியிருக்கிறது.

தாத்தா காலத்தில் சொந்த வண்டி என்றால் கறுப்பில் வெள்ளை எழுத்து. லாரி, டாக்ஸிக்கு வெள்ளையில் கறுப்பு. 2000-களின் தொடக்கத்தில் இதைத் திருப்பிப் போட்டார்கள். சொந்த வண்டிக்கு வெள்ளையில் கறுப்பு, வாடகை வண்டிக்கு மஞ்சளில் கறுப்பு. சாலையில் ஓடுகிற உங்கள் புல்லட்டுக்கும் இதுதான். நம்பர் 1962-ஆக இருக்கலாம், பிளேட் இன்றைய விதிப்படிதான் இருக்க வேண்டும்.

முன் பிளேட் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். பழைய வண்டிகளில் முன் மட்கார்டின் மேல், அதன் வளைவை ஒட்டி, மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு நிற்கும். இரண்டு பக்கமும் நம்பர் எழுதியிருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் படிக்கலாம், எதிரே வருகிறவனுக்கு ஒரு கோடுதான் தெரியும். இப்போதைய 50-வது விதி இதை வார்த்தையாலேயே தடுக்கிறது. நம்பர் ஹேண்டில்பாருக்கு இணையாக, முன்னால் பார்த்தபடி இருக்க வேண்டும். வண்டியின் நீளவாட்டில் நிற்கும் தகட்டில் எழுதக் கூடாது. அடுத்த விதியில் அளவும் இருக்கிறது. 70 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் 30 மில்லிமீட்டர் உயரம். பின்னால் எழுத்து 35, எண் 40.

எங்கள் வீட்டுக்காரர் இந்த மாற்றம் வந்தபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, நான்தான் விதியை எழுதினேன் என்பது போல. கடைசியில் துடுப்புத் தகட்டின் மேல் வெள்ளை எனாமல் அடித்து, கறுப்பில் நம்பர் எழுதிக்கொண்டு வந்தார். "இதுவும் விதிப்படி இல்லை, முன்னால் பார்த்த மாதிரி வேணும்" என்றேன். ஹெட்லைட்டுக்குக் கீழே ஒரு சின்ன பிளேட் வந்தது. துடுப்பு வெறும் வெள்ளைத் தகடாக நின்றது. அவர் போன பிறகு ஒருநாள் அதைச் சுரண்டிப் பார்த்தேன். அடியில் பழைய கறுப்பும், கையால் எழுதிய எழுத்தும் அப்படியே இருந்தன. பெயின்டரிடம் "லேசா அடி, சுரண்டினா போகணும்" என்று சொல்லித்தான் அடித்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

அதனால் உங்களுக்கு என் யோசனை இது. சாலைக்கு முன்னும் பின்னும் விதிப்படி வெள்ளை பிளேட். துடுப்புத் தகட்டைக் கழற்ற வேண்டாம், எழுத்தில்லாமல் கறுப்பு மட்டும் அடித்து விடுங்கள். அது மட்கார்டு அலங்காரம். கண்காட்சியில் நிறுத்தி வைக்கிற நாளுக்கென்று கறுப்பில் வெள்ளை எழுத்தோடு இன்னொரு செட் செய்து வையுங்கள். திருகைக் கழற்றி மாட்ட ஐந்து நிமிடம்.

அந்த செட்டையாவது ஒழுங்காகச் செய்யுங்கள். ஸ்டிக்கர் கட்டிங் வேண்டாம். அச்சில் எழும்பிய அலுமினிய எழுத்தும் வேண்டாம். நம் ஊரில் அந்தக் காலத்து பிளேட் என்றால் தகட்டில் தூரிகையால் எழுதியதுதான். கடைப் பலகை எழுதும் பெயின்டர் யாராவது இன்னும் உங்கள் ஊரில் இருப்பார். எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று இணையத்தில் தேடாதீர்கள், வீட்டு ஆல்பத்தைத் தேடுங்கள். 1960-களின் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை புல்லட்டில் சாய்ந்து நிற்கிற ஒரு படம் இல்லாத குடும்பம் உண்டா? மூன்றெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் புள்ளி வைத்திருக்கிறாரா, கோடு போட்டிருக்கிறாரா, ஒரே வரியா, இரண்டு வரியா, எல்லாம் அதில் தெரியும். பெயின்டரிடம் அந்தப் படத்தைக் கொடுங்கள்.

கேள்வி: காயலான் கடையில் 1968 ஜாவா ஒன்று கிடைத்தது. எஞ்சின், சேசிஸ் எல்லாம் ஒரிஜினல். ஆனால் புக் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. கடைக்காரர் "வேற ஒரு ஜாவாவோட புக் இருக்கு, அந்தக் காலத்து நம்பர், 15,000 கொடுங்க. சேசிஸ் நம்பரை நானே அடிச்சுத் தரேன்" என்கிறார். நண்பர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களாம். செய்யலாமா?
— ஜாவா பிரியன், கரூர்

பதில்: கூடாது. உங்கள் பெயரை வெளியிடாததே நான் செய்கிற உதவி.

ஒரே நாள் காலையில், ஒரே நம்பரோடு இரண்டு ராஜ்தூத் என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றதைப் பார்த்தவள் நான். ஒருவர் விவசாயி. சொந்த வண்டி, ஆர்.சி. தொலைந்துவிட்டது என்று நகல் கேட்டு வந்தார். இன்னொருவர் பெயர் மாற்றத்துக்கு வந்தவர், கையில் அசல் புக். இரண்டு வண்டியிலும் பென்சில் பிரிண்ட் எடுத்தோம். விவசாயி வண்டியில் எண்கள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருந்தன. மற்றதில் 3-ஐ 8 ஆக்கியிருந்தார்கள். 8-இன் இடுப்பு ஒரு பக்கம் சரிந்திருந்தது. தாளில் தேய்த்தால் ராவின தடமே தெரிந்தது. பெயர் மாற்றத்துக்கு வந்தவர் பாவம், உங்களைப் போலக் காசு கொடுத்து வாங்கியவர்தான். வண்டியும் போயிற்று, காசும் போயிற்று, போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்த நடையும் மிச்சம். விவசாயியின் புக் எப்படித் தொலைந்தது என்று பிறகு விசாரித்தால், மெக்கானிக் ஷெட்டில் ஸீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

உங்களுக்கு உள்ள நேர் வழி நீளமானது. வண்டியின் பழைய நம்பரைக் கண்டுபிடிக்க வேண்டும். மட்கார்டு பெயின்ட்டுக்கு அடியில் சுரண்டிப் பாருங்கள். டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம், டேங்க் அடிப்பக்கம் எல்லாம் பாருங்கள், சில பேர் அங்கே எழுதி வைப்பார்கள். கடைக்காரர் யாரிடம் வாங்கினார் என்று பின்னோக்கிப் போங்கள். நம்பர் கிடைத்தால் அந்த அலுவலகத்தில் சேசிஸ் நம்பரோடு ஒத்துப் பார்க்கச் சொல்லலாம். ஒத்துப்போனால் பதிவு உரிமையாளர் அல்லது அவர் வாரிசு நகல் ஆர்.சி.க்குப் படிவம் 26 கொடுக்க வேண்டும். பிறகு 29, 30-இல் உங்கள் பெயருக்கு மாற்றம். வேலை அவர்களுடையது, அலைச்சலும் செலவும் உங்களுடையது. அதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள், கதவு திறக்கும்.

நம்பரே கிடைக்காவிட்டால் வி.ஏ. வாங்கலாமே என்று கேட்பீர்கள். இந்தியாவில் பதிவாகி ஓடிய வண்டிக்கு விண்டேஜ் விண்ணப்பத்தோடும் பழைய ஆர்.சி. கேட்பார்கள். மைசூரில் செய்து இங்கே விற்ற ஜாவா பதிவில்லாமல் ஓடியிருக்க முடியாது. ஆக அந்தக் கதவும் மூடித்தான் இருக்கிறது. பதிவில்லாமல் சாலைக்கு எடுத்தால் முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம். வரவேற்பறையில் நிறுத்துங்கள். அழகான வண்டிதான்.

கேள்வி: என் அண்ணன் லண்டனில் 1955 பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் வாங்கிப் படம் அனுப்பினார். கறுப்பு பிளேட்டில் வெள்ளி எழுத்து, முன்னால் பிளேட்டே இல்லை. அங்கே போலீஸ் பிடிக்காதா?
— திருச்சி வாசகி

பதில்: பிடிக்காதும்மா. அங்கே 1980 ஜனவரி 1-க்கு முன் செய்த வண்டியை வரிக் கணக்கில் 'வரலாற்று வாகனம்' என்று பதிந்திருந்தால், கறுப்பில் வெள்ளையோ வெள்ளியோ எழுதிய பிளேட்டோடு தாராளமாகச் சாலையில் போகலாம். கண்காட்சிக்கு மட்டும் என்ற கட்டுப்பாடும் கிடையாது. மோட்டார் சைக்கிளுக்கு முன் பிளேட் கட்டாயம் என்பதை 1975-லேயே எடுத்துவிட்டார்கள். மட்கார்டில் நிற்கும் அந்தத் துடுப்பு, நடந்து போகிறவரை மோதினால் கத்தி மாதிரி இறங்கும் என்று அங்கேயும் ஒரு கெட்ட பெயர் இருந்தது.

பழைய நம்பர் விட்டுப்போன வண்டிக்கும் வழி வைத்திருக்கிறார்கள். பழைய பதிவுப் புத்தகம் மாதிரி அசல் ஆதாரம் இருந்தால் பழைய வண்டிச் சங்கம் சரிபார்த்துச் சான்று தரும். அதை வி765 என்ற படிவத்தோடு கொடுத்தால் அதே நம்பர் திரும்பி வரும். ஆனால் அந்த நம்பரைப் பிறகு வேறு வண்டிக்கு மாற்றி விற்க முடியாது. ஆதாரமே இல்லையென்றால், வண்டி செய்த வருடத்துக்குச் சான்று வாங்கிக் கொடுத்தால் அந்தக் காலத்து வரிசையிலிருந்தே ஒரு நம்பர் கொடுப்பார்கள். 1955 வண்டிக்கு 1955 மாதிரி நம்பர். நம் கரூர் தம்பி இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்.

கேள்வி: என்னிடம் 1987 ஆர்.எக்ஸ். 100 இருக்கிறது. விண்டேஜ் ஆகுமா? — நாகர்கோவில்

பதில்: 2037-ல் எழுதுங்கள். அதுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை படிவம் 25.

கேள்வி: பழைய வண்டிக்குத் தமிழ் எண்ணில் பிளேட் எழுதினால் பாரம்பரியமாக இருக்குமே? — மன்னார்குடி

பதில்: ஆங்கில எழுத்து, 1, 2, 3 எண்கள் என்று விதி சொல்கிறது. தாத்தா காலத்திலும் ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள், அதனால் பாரம்பரியத்துக்கும் அது ஒத்து வராது. டேங்கில் என்ன வேண்டுமானாலும் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் 1970 புல்லட்டில் அப்பா டீசல் எஞ்சின் மாட்டிவிட்டார். 50 வருடம் தாண்டிவிட்டது. விண்டேஜ் சான்று கிடைக்குமா? — தாராபுரம்

பதில்: கிடைக்காது. எஞ்சின் மாறிய வண்டி அந்தப் பிரிவில் வராது. ஆர்.சி.யில் பெட்ரோல் என்றிருந்து வண்டியில் டீசல் இருந்தால் சாதாரணப் புதுப்பித்தலும் ஆய்வாளர் முன்னால் நின்றுபோகும். கழற்றிய பெட்ரோல் எஞ்சினை அப்பா பரணில் வைத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இருந்தால், அதில் உள்ள நம்பரையும் ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் நம்பரையும் ஒத்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.